யூஸ்டன் வாயிலும் சென் பங்கிராஸ் மண்டபமும்

மாநகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரச மாளிகைகளையும் ஆலயங்களையும் கோட்டை கொத்தளங்களையும் பற்றியே விரித்துரைப்பர். புகையிரத நிலையத்தை ஒரு வரலாற்றுச் சின்னமாகக் கருதும் வழக்கம் நம்மவரிடையே மிகக் குறைவு. வண்டி வருமளவும் நிற்குமிடம், வந்ததும் மறக்குமிடம் என்பதே அதைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம். ஆயினும், அழைப்பிதழ் எதுவுமின்றி ஏழையும் செல்வரும் நுழையத்தக்க மாபெருங் கட்டிடங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களில் மிகச் சிலவே இருந்தன என்பதையும், அச்சிலவற்றுள் புகையிரத நிலையம் ஒன்று என்பதையும் சற்றே சிந்திப்போமாயின், அதன் அருமை புலனாகும். அரசமாளிகையை மக்கள் வெளியே நின்று பார்த்தனர். நிலையத்தையோ அவர்கள் தம் மூட்டை முடிச்சுகளோடு உள்ளே சென்று ஆண்டனுபவித்தனர்.

இலண்டன் மாநகரிலே யூஸ்டன் வீதி என்றொரு வீதியுண்டு. அவ்வீதியிலே, ஒன்றிலிருந்து மற்றதற்குச் சில நிமிட நேரத்தில் நடந்து செல்லக்கூடிய தூரத்தில், யூஸ்டன், சென் பங்கிராஸ் என இரு பெரும் நிலையங்கள் உள்ளன. முன்னதன் புகழ்பெற்ற வாயில் 1962இல் கல்லும் மண்ணுமாயிற்று. பின்னதும் அதே கதியை அடையவிருந்து, 1967இல் காப்பாற்றப்பட்டது. நகரம் ஒன்றே, வீதி ஒன்றே, இரண்டுக்கும் உடைமையாளரும் அரசாங்கப் புகையிரதப் பகுதியினரே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் மாறியது யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் விடயம்.

முதலில் இழந்ததைப் பார்ப்போம். இலண்டனையும் பேர்மிங்காம் நகரையும் இணைக்கும் நெடுந்தூர இருப்புப்பாதை றொபேட் ஸ்ரீபன்சன் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில் அமைந்தது. அதன் தலைநகர் முனையாக யூஸ்டன் நிலையம் 1837ஆம் ஆண்டு யூலை மாதம் திறக்கப்பட்டது. அக்காலத்து வண்டிகள் நிலையத்திலிருந்து கம்டன் மேட்டுக்கு ஏறுவதற்குத் தம் எஞ்சினை நம்பவில்லை; மேட்டின் உச்சியில் நிறுவிய நீராவிப் பொறிகள் கயிறு கட்டி இழுத்தன. 1844 வரை இவ்வழக்கம் நீடித்தது. தொழில் இவ்வாறு குழந்தைப் பருவத்தில் இருந்தபோதே கம்பனியார் பிலிப் ஹாட்விக் என்னும் கட்டிடக்கலைஞரை அழைத்து, நிலையத்தின் முன் கிரேக்கரின் டோரிக் முறையில் ஒரு வாயிலைக் கட்டுவித்தனர். ஏறக்குறைய 70 அடி உயரம். நான்கு பெருந் தூண்கள், ஒவ்வொன்றும் எட்டடிக்கு மேற்பட்ட விட்டம். யோர்க்ஷயரிலிருந்து கொணர்ந்த கல். செலவு 35,000 பவுண். பொதுமக்கள் இதனை யூஸ்டன் வளைவு என்று வழங்கினர். முகப்பிலே வளைவென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை, நேர்க்கிடையான உத்தரமே உண்டு. ஆயினும் ஊர்வாய் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இவ்வாயிலால் என்ன பயன் என்று அன்றே சிலர் கேட்டனர். வண்டியை நிறுத்தவோ பயணச் சீட்டுக் கொடுக்கவோ அது உதவவில்லை. கோபுரத்தைக் கண்டு பழகிய நமக்கு இக்கேள்விக்கு விடை கூறுதல் எளிது. கோபுரத்தால் மழைக்கு ஒதுங்குவதை அன்றி வேறென்ன பயன் என்று எவரும் நம்மிடம் கேட்பதில்லை. இதுவரை வெளி, இனி உள் என்று கண்ணுக்கும் கருத்துக்கும் உணர்த்துவதே அதன் தொழில். யூஸ்டன் வாயிலும் அத்தொழிலையே செய்தது. குதிரை வண்டியில் நாட்கணக்காகச் சென்ற தூரத்தை மணிக்கணக்கில் கடக்கும் புதிய யுகத்துக்குள் நுழைகிறீர் என்று அது பயணிக்கு அறிவித்தது. உலகிலே தலைநகரொன்றுக்கு வந்த முதலாவது நெடுந்தூரப் பாதையின் வாயில் அதுவெனலாம்.

காலம் அதற்கு மரியாதை செய்யவில்லை. நிலையம் போதாமற் போகப் போக, சுற்றிலும் ஒழுங்கின்றிக் கட்டிடங்கள் எழுந்தன. 1881இல் ஹோட்டலின் இரு பகுதிகளை இணைத்துக் கட்டியபோது யூஸ்டன் வீதியிலிருந்து வாயிலைப் பார்க்கும் காட்சியும் மறைந்தது. புகைக்கரி படிந்து கல் கறுத்தது. இரண்டாம் உலகப்போரில் ஜேர்மானிய விமானங்கள் நிலையத்தின்மீது குண்டு வீசின. வாயில் அவற்றுக்கும் தப்பியது.

அது தப்பாதது கந்தோர்க் கோப்புக்கே. மேற்குக் கரைப் பாதையை மின்சாரமயமாக்கி நிலையத்தை முற்றாகப் புதுக்குவதென்று தீர்மானித்த போக்குவரத்து ஆணைக்குழுவினர், வாயிலையும் அதன் பின்னிருந்த பெரிய மண்டபத்தையும் இடிக்கப் போவதாக 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாவட்ட சபைக்கு அறிவித்தனர். இவ்விடத்தில் சட்டத்தின் நிலையை நாம் கவனித்தல் வேண்டும். வாயில் ஏற்கெனவே பாதுகாக்கத்தக்க கட்டிடங்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. ஆனால் அந்நாளில் பட்டியலின் வலு மிகச் சொற்பம். இடிக்கப் போகிறவர் இரண்டு மாதம் முன்னதாக அறிவித்தல் கொடுத்தாற் போதும். தடுக்க விரும்பினால் உள்ளூராட்சியினர் தனியாக ஒரு பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்க வேண்டும். மாவட்ட சபையினரோ, வேறு தகுந்த இடத்தில் மீண்டும் கட்டுவதாயின் எமக்கு ஆட்சேபம் இல்லை என்று பதில் எழுதினர். கேட்பதற்கு நியாயமான பதில்தான். ஆனால் மீளக் கட்டுவது யார், எங்கே, எவர் பணத்தில் என்னும் மூன்று கேள்விகளும் அப்பதிலில் அடங்கவில்லை.

பணக் கணக்கு விரைவில் வந்து சேர்ந்தது. வாயிலைக் கழற்றி வேறிடத்தில் நிறுவ 190,000 பவுண் ஆகும், இடித்துத் தள்ள 12,000 பவுண் போதும் என்றனர் ஆணைக்குழுவினர். இவ்விரு தொகைகளும் பத்திரிகைகளில் அருகருகே வெளியானபோது வழக்கு பாதி தோற்றுவிட்டது என்பது என் எண்ணம். கலையறிஞர்கள் பேசிய மொழி ஒன்று, கணக்காளர்கள் பேசிய மொழி வேறு. முழு நிலையத்தையும் புதுக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 190,000 பவுண் எத்துணைச் சிறிய தொகை என்பதை உரிய வேளையில், உரிய இடத்தில் எடுத்துரைப்பார் போதவில்லை.

எதிர்ப்பு எழாமலில்லை. விக்டோரியா அரசியார் காலத்துக் கட்டிடங்களைக் காப்பதற்கென 1958இல் தோன்றிய விக்டோரியா சங்கம் அப்போது மிக இளஞ் சங்கம். அதன் முன்னோடிகளுள் ஒருவரான கவிஞர் ஜோன் பெற்ஜமன் எழுதியும் பேசியும் வந்தார். 1961 ஒக்ரோபரில் இளங் கட்டிடக்கலைஞரும் மாணவரும் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தனர். அதே மாதம் கலையறிஞர்களின் தூதுக்குழுவொன்று பிரதம மந்திரி ஹரோல்ட் மக்மிலனைக் கண்டது. அவர் கண்களை மூடியவர்போல் அசையாதிருந்தார் என்றும், கேள்வி எதுவும் கேட்காமல், யோசிப்பதாக மட்டும் கூறினார் என்றும் தூது சென்றோரில் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். மக்மிலன் அரசியலின் உச்சிக்கு வருமுன் மேற்கத்திய பெரும் புகையிரதக் கம்பனியின் பணிப்பாளராக இருந்தவர். நிலையங்களின் அருமை அறியாதவர் அல்லர். எனினும் சில நாட்களில் மறுப்பே வந்தது. அவ்வாண்டின் இறுதியில் இடிக்கத் தொடங்கி, 1962இல் முடித்தனர்.

இடிக்கும் வேலையை ஏற்ற கொந்திராத்துக்காரரின் செயல் இக்கதையில் விசித்திரமான பகுதி. கற்களுக்கு இலக்கமிட்டுக் கழற்றிப் பின்னொரு நாள் கட்டுவதற்காகப் பாதுகாத்து வைக்க அவர் முன்வந்தார். அதற்கும் ஏற்பாடு செய்வாரில்லை. ஈற்றில் அவர் வாயிலின் சிறிய உருவமொன்றை வெள்ளியிற் செய்து விக்டோரியா சங்கத்தாருக்குப் பரிசளித்தார். அதைக் கையில் வாங்கியவரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்க. வாயிலோடு, 1849இல் ஹாட்விக்கின் மகன் கட்டிய பெரிய மண்டபமும் ஒழிந்தது. அம்மண்டபத்தில் நின்ற ஜோர்ஜ் ஸ்ரீபன்சனின் சிலை இன்று யோர்க் நகரத்துப் புகையிரத நூதனசாலையில் உள்ளது. தாழ்ந்த கூரையோடு எழுந்த புதிய நிலையத்தை 1968இல் எலிசபெத் மகாராணியார் திறந்து வைத்தார்.

1990இல் புகையிரதம் நின்று, போரினாற் சிதைந்து, 2014 ஒக்ரோபரில் மீண்டும் வண்டி கண்ட யாழ்ப்பாண நிலையத்தை அறிந்த நமக்கு, நிலையமொன்றை இழப்பதென்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விழப்பு வேறு, யூஸ்டனின் இழப்பு வேறு. பகைவரின் குண்டுக்கு நின்றுபிடித்த ஒரு வாயிலை, சமாதான காலத்தில், சொந்த நாட்டாரே, எல்லாச் சட்டங்களுக்கும் அமைய, கையெழுத்திட்டு இடித்தார்கள் என்பதே அங்குள்ளோர் மனத்தை நீங்காது வாட்டியது.

இனி, சில நிமிட நடையிலுள்ள சென் பங்கிராசுக்குச் செல்வோம். இது மிட்லண்ட் கம்பனியாரின் நிலையம். 1868 ஒக்ரோபர் முதலாந் திகதி திறக்கப்பட்டது. கட்டிய வரலாற்றில் எல்லாம் புகழத்தக்கன அல்ல. அவ்விடத்திலிருந்த ஏழைக் குடியிருப்புகளை அழித்தே பாதை போட்டனர். வாடகைக்கிருந்தோருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. பழைய தேவாலயத்தின் சவக்காலையும் தோண்டப்பட்டது. எலும்புகளை மரியாதையோடு அகற்றுகிறார்களா என மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் பெருநாவலாசிரியராக விளங்கிய தோமஸ் ஹார்டி! அவர் அப்போது கட்டிடக்கலைஞரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தார். மிஷன் பாடசாலையில் ஹார்டியின் கதைகளை வரிக்கு வரி பாடமாகப் படித்த என் போன்றோருக்கு, அவற்றிற் காணும் துயரத்தின் ஒரு வேர் இங்கேதான் ஓடியதோ என்று எண்ணத் தோன்றும்.

பொறியியலாளர் வில்லியம் ஹென்றி பார்லோ இங்கே செய்தது ஓர் அற்புதம். பாதை அருகிலுள்ள கால்வாயைப் பாலத்தின்மேல் கடந்து வரவேண்டியிருந்தமையால், புகையிரத மேடைகள் தெருமட்டத்துக்கு வெகு மேலே அமைந்தன. கீழே உண்டான இடத்தை மண்ணிட்டு நிரப்பாமல், தூண்கள் நாட்டி ஒரு நிலவறையாக்கினார் பார்லோ. பேட்டன் நகரிலிருந்து இலண்டனுக்கு வண்டி வண்டியாக வந்த பியர்ப் பீப்பாய்களை அடுக்குவதற்கு அது பயன்பட்டது. தூண்களுக்கிடையேயுள்ள தூரத்தைத் தீர்மானித்ததே பீப்பாயின் அளவுதான். இத்தூண்கள் தாங்கிய தளத்து இரும்பு உத்தரங்களே மேற்கூரைக்கும் உறுதி தந்தன. வில்லையும் நாணையும் நினைத்துக் கொள்க: கூரையின் இரும்பு விலாக்கள் வில், தளத்து உத்தரங்கள் நாண். நாண் காலடியில் மறைந்திருப்பதால் மேலே குறுக்குக் கம்பிகள் வேண்டியதில்லை. ஏறக்குறைய 240 அடி அகலமும் 690 அடி நீளமும் உடைய மண்டபம், நடுவிலே ஒரு தூணுமின்றி நிற்கிறது. அந்நாளில் ஒரே தாவலில் இத்துணை அகலத்தை மூடிய கூரை உலகில் வேறில்லை.

மண்டபத்தின் முன்னே ஜோர்ஜ் கில்பேட் ஸ்கொட் என்னும் கட்டிடக்கலைஞர், செங்கல்லாலும் கூர்மாடங்களாலும் ஆன பிரமாண்டமான ஹோட்டலொன்றைக் கட்டினார். 1873இல் அது திறக்கப்பட்டது. பம்பாயின் பெரிய புகையிரத நிலையத்தைக் கண்டு வந்தவர்கள் இதன் படத்தைப் பார்த்தவுடனே இரண்டுக்குமுள்ள உறவை உணர்வர். நீரழுத்தத்தால் இயங்கும் ஏற்றுப் பொறி முதலிய வசதிகள் எல்லாம் இருந்தும், ஒரு குறை மட்டும் இருந்தது: அறைகளோடு சேர்ந்த குளியலறைகள் இல்லை! தடித்த சுவர்களை உடைத்துக் குழாய் இடுதலும் எளிதன்று. 1935இல் ஹோட்டல் மூடப்பட்டது. அதன்பின் அது புகையிரதப் பகுதியினரின் கந்தோராயிற்று.

1966இல், சென் பங்கிராசை அயலிலுள்ள கிங்ஸ் குறொஸ் நிலையத்தோடு இணைத்துப் பழையவற்றை அகற்றும் யோசனை எழுந்தது. ஆனால் இம்முறை எதிர்ப்போர் யூஸ்டனிற் பட்ட அடியை மறக்கவில்லை. விக்டோரியா சங்கத்தின் தலைவராக இப்போது இருந்தவர் பேராசிரியர் நிக்கலஸ் பெவ்ஸ்னர். ஜேர்மனியிற் பிறந்து, நாஜிகளின் கொடுமையால் இங்கிலாந்துக்கு வந்தவர். அந்நாட்டுக் கட்டிடங்களை மாவட்டம் மாவட்டமாகச் சென்று பார்த்து நூல்வரிசையாக எழுதியவர். ஆங்கிலேயர் தம் வீட்டுச் செல்வத்தின் பெறுமதியை ஓர் அகதியின் வாயாற் கேட்டறிந்தனர் என்பது வியப்பே.

சங்கத்தின் செயலாளரான ஜேன் போசற் அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. போர்க்காலத்தில் பிளெச்லி பார்க்கில் எதிரியின் இரகசியச் செய்திகளை ஆராய்ந்த இளம்பெண்களுள் இவரும் ஒருவர். பிஸ்மார்க் என்னும் ஜேர்மானியப் போர்க்கப்பல் பிரான்சின் பிறெஸ்ற் துறைமுகத்தை நோக்கிச் செல்கிறது என்பதை 1941 மே மாதத்தில் அத்தகைய செய்தியொன்றில் கண்டுகொண்டவர் இவரே. இரண்டு நாட்களில் அக்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அத்தகைய பொறுமையும் கூரிய பார்வையும் உடையவர், இப்போது புகையிரதப் பகுதியினரின் திட்டங்களையும் கடிதங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பதிலெழுதினார். ஆத்திரக்கார அம்மையார் என்று அப்பகுதியினர் அவரை அழைத்தனராம்.

யூஸ்டனில் இடிப்பு அறிவித்தல் வந்த பின்னரே கூட்டமும் கூக்குரலும் எழுந்தன. சென் பங்கிராசிலோ திட்டம் கடதாசியில் இருக்கும்போதே போராட்டம் தொடங்கிவிட்டது. 1967 நவெம்பரில் நிலையமும் ஹோட்டலும் பட்டியலின் முதலாந் தரத்துக்கு உயர்த்தப்பட்டன. அவ்வாண்டில் நிறைவேறிய சட்டமொன்று தனிக் கட்டிடங்களை மட்டுமன்றி முழுப் பகுதிகளையுமே பாதுகாக்க வழி செய்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிலுள்ள கட்டிடத்தை இடிக்க அறிவித்தல் போதாது, அனுமதி பெறவேண்டும் என விதித்தது. அறிவித்தல் அனுமதியாக மாறியது ஒரு சொல்லின் மாற்றமே எனினும், யூஸ்டனுக்கு அச்சொல் கிடைத்திருக்குமாயின் கதை வேறாயிருக்கும்.

சட்டம் கட்டிடத்தை இடியாமல் தடுத்ததே தவிர, வாழ வைக்கவில்லை. இதனை நம்மிற் பலர் உணர்வதில்லை. அடுத்த பல ஆண்டுகளுக்கு சென் பங்கிராஸ் அழுக்கேறி, ஒழுகி, பாதி வெறுமையாய் நின்றது. மண்டபத்துப் பெரிய மணிக்கூட்டின் கதையே அந்நிலைக்குச் சாட்சி. 1970களில் அதனை ஓர் அமெரிக்கச் செல்வருக்கு 250,000 பவுணுக்கு விற்க ஒழுங்காயிற்று. கழற்றி இறக்கும்போது அது விழுந்து நொறுங்கியது. குப்பையாகக் கிடந்த துண்டுகளைப் புகையிரத ஊழியர் ஒருவர் 25 பவுண் கொடுத்து வாங்கி, நொற்றிங்காம் பகுதியிலுள்ள தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஒன்றரை ஆண்டு பாடுபட்டுப் பொருத்தித் தமது களஞ்சியச் சுவரிலே நிறுவினார். கோடீசுவரருக்குக் கிட்டாதது கூலிக்கு உழைத்தவரின் தோட்டத்தில் மணி காட்டியது! நிலையம் புதுப்பிக்கப்பட்டபோது, புதிய மணிக்கூட்டைச் செய்தவர்கள் அவரிடஞ் சென்றே பழையதன் அமைப்பை ஆராய்ந்தறிந்தனர். சட்டத்தையும் சங்கத்தையும் பற்றி இவ்வளவு எழுதிய நான், இம்மனிதருக்கு ஈடாக எதைச் சொல்வதென்று அறியேன்.

நிலையத்துக்கு உயிர் வந்தது கடலடிச் சுரங்கத்தின் வழியாக. பிரான்சிலிருந்து வரும் அதிவேக வண்டிகளுக்கு இலண்டனில் முனையம் தேவைப்பட, சென் பங்கிராஸ் தெரிவு செய்யப்பட்டது. ஏறக்குறைய 800 மில்லியன் பவுண் செலவில் திருப்பணி நடந்து, 2007 நவெம்பர் 14ஆந் திகதி முதல் வண்டிகள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. பார்லோவின் மண்டபத்தில் நடுத்தூண் இல்லாமையால், மேடைகளையும் தண்டவாளங்களையும் விரும்பியவாறு மாற்றி அமைக்க முடிந்தது. புதிய வண்டியின் நீளம் மண்டபத்தைவிட மிக அதிகம்; ஆகவே வடக்கே தட்டையான புதுக் கூரையொன்றைச் சேர்த்தனர், பழையதைப்போற் பாசாங்கு செய்யவில்லை. பியர்ப் பீப்பாய் கிடந்த நிலவறைக்கு மேலிருந்த தளத்தைச் சிற்சில இடங்களில் திறந்து வெளிச்சம் விட்டு, அங்கே பயணிகள் காத்திருக்கும் கூடமும் கடைகளும் அமைத்தனர். கூரையின் இரும்புக்குப் பழைய வானநீல வர்ணம் பூசினர். 2011இல் ஹோட்டலும் திறந்தது, இம்முறை குளியலறைகளோடு. மேல்மேடையில், ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் பெற்ஜமனின் சிலையுண்டு. 1984இல் காலமான அவர் இவற்றில் எதையும் கண்ணாற் காணவில்லை.

யூஸ்டன் வாயிலின் கற்கள் எங்கே போயின என்பது முப்பதாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. 1994இல் டான் குறுக்சாங் என்னும் கட்டிட வரலாற்றாசிரியர் கிழக்கு இலண்டனிலே லீ ஆற்றைச் சேர்ந்த ஒரு கால்வாயின் அடியில் அவற்றைக் கண்டுபிடித்தார். ஆற்றுப்படுக்கையில் இருந்த பள்ளமொன்றை நிரப்புவதற்காக அவற்றைக் கொண்டு கொட்டியிருந்தனர். தூணின் பள்ளவரிகள் சேற்றுக்குள்ளும் அழியாதிருந்தன. 2009இல் மேலும் சில கற்கள் வெளியே எடுக்கப்பட்டன. வாயிலை மீண்டும் கட்டுவதற்கென 1996இல் ஒரு நிதியம் அமைந்தது. கட்டிடம் இன்னும் எழவில்லை. இதே பாதையின் மறுமுனையாகப் பேர்மிங்காமில் ஹாட்விக் கட்டிய இணை வாயிற் கட்டிடம் இன்றும் நிற்கிறது. யூஸ்டனிலோ, வாயிலுக்கு முன்னே வீதியோரம் 1870ஆம் ஆண்டளவிற் கட்டிய இரண்டு சிறு காவற்கூடங்கள் எஞ்சியுள்ளன. அவற்றின் மூலைக்கற்களில், அங்கிருந்து வண்டியேறிச் செல்லக்கூடிய ஊர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.